மேக்கில் கோடிங் தெரியாமல் வெப்சைட் செய்யப் போகிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

கும்பகோணத்தில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கும்பாபிஷேக நோட்டீஸ், பில் புக் இவைதான் பிழைப்பு. டிசைன் வேலை முழுக்க ஆப்பிளின் மேக் கணினியில். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைனும் படம் வரையும் இல்லஸ்ட்ரேட்டரும் பதினைந்து வருடப் பழக்கம். கோடிங்கில் ஒரு வரி தெரியாது.

2022 ஆவணியில் அச்சகத்துக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று தோன்றியது. ஆளை வைத்துச் செய்தால் சின்ன மாற்றத்துக்கும் அவரையே கூப்பிட வேண்டும், நாமே செய்துகொள்ளலாம் என்று மேக்குக்கான சாஃப்ட்வேர்களைத் தேடினேன். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் ஆப் கண்ணில் பட்டது. பெயரைச் சொல்லவில்லை. இன்டிசைன் போலவே வெள்ளைப் பக்கத்தை விரித்து வைக்கிறது, படத்தையும் எழுத்தையும் வேண்டிய இடத்தில் இழுத்து வைக்கலாம். வாழ்நாள் உரிமம் 14,900 ரூபாய். முதல் வருடம் ஹோஸ்டிங்கும் (தளத்தை அவர்கள் சர்வரில் வைத்திருப்பது) டொமைனும் (தளத்தின் இணைய முகவரி) இலவசம். என்னைப் போன்ற டிசைன் ஆட்களுக்காகவே செய்தது என்று நம்பிக் கார்டைக் கொடுத்தேன்.

இரண்டு மாதம், மெஷின் நின்ற பிறகு இரவில் உட்கார்ந்து 38 பக்கம் செய்தேன். ஒவ்வொரு பத்திரிகையையும் படமெடுத்து, எந்த போர்டு, எத்தனை ஜிஎஸ்எம் (தாளின் கனம்), கோல்டு ஃபாயிலா ஸ்கிரீன் பிரிண்டிங்கா, எத்தனை நாளில் கிடைக்கும் என்று எல்லாவற்றையும் தமிழில் எழுதினேன். எங்கள் ஊர்ப் பக்கம் மக்கள் போனில் தமிழிலேயே தேடுகிறார்கள், அதனால்தான்.

தை, மாசி முகூர்த்தம் வந்து போனது. வெப்சைட்டைப் பார்த்துவிட்டு ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்த அண்ணன் மகனிடம் காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இந்தத் தலைப்பை மவுஸால செலக்ட் பண்ணுங்க" என்றான். செலக்ட் ஆகவில்லை. கீழே இருந்த பத்தியும் ஆகவில்லை. "இது எழுத்தே இல்லை சித்தப்பா, படம்" என்றான்.

அச்சுத் தகடு செய்ய அனுப்பும்போது ஃபான்ட் மாறிவிடக் கூடாது என்று எழுத்தை கர்வ் ஆக்கி, அதாவது வெறும் வரைகோடாக மாற்றி அனுப்புவோமே, கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் இந்த ஆப் செய்திருக்கிறது. டெம்ப்ளேட்டில் இருந்த ஃபான்ட்டில் தமிழ் எழுத்தே கிடையாது. நான் தமிழில் தட்டியதும், மேக்கோடு வரும் தமிழ் சங்கம் எம்என் ஃபான்ட்டை எடுத்துப் போட்டிருக்கிறது. அந்த ஃபான்ட் ஆண்ட்ராய்டு போனில் இருக்காது. அதனால் பப்ளிஷ் செய்யும்போது எழுத்தையெல்லாம் படமாக மாற்றிவிட்டது. தாளில் அது பாதுகாப்பு. இணையத்திலோ, படமாகக் கிடக்கும் எழுத்தைத் தேடுபொறி பெரும்பாலும் எழுத்தாக எடுத்துக்கொள்வதில்லை. போனில் பக்கம் மெதுவாகத் திறக்கிறது. போன் நம்பரைத் தொட்டால் அழைப்பு போகவில்லை, அதுவும் படம்தான். விற்கும்போது இதை யாரும் சொல்லவில்லை. உதவிப் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி இருந்தது.

நிறுவனத்துக்கு எழுதினேன். அடுத்த பதிப்பில் சரியாகிவிடும் என்று பதில் வந்தது. காத்திருந்தேன். அதற்குள் 2023 செப்டம்பரில் ஹோஸ்டிங் புதுப்பித்தலுக்கு 6,800 ரூபாய் கார்டிலிருந்து போனது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எஸ்எம்எஸ் வந்திருந்தது, வேலை நெருக்கடியில் நான் பார்க்கவில்லை. அப்புறம் அந்த அடுத்த பதிப்பும் வந்தது, தனி விலையில். வாழ்நாள் என்றது நான் வாங்கிய பதிப்பின் வாழ்நாளாம்.

சரி, வேறு சாஃப்ட்வேருக்கு மாறிவிடலாம் என்று 2024 ஆனியில் முடிவு செய்தேன். உண்மையான அடி அப்போதுதான் விழுந்தது. ஆப்பில் எக்ஸ்போர்ட் என்று ஒன்றே கிடையாது. பப்ளிஷ் பட்டன் அவர்கள் சர்வருக்கு மட்டும்தான் அனுப்பும். என் மேக்கில் இருந்த ஃபைலை வேறு எந்த சாஃப்ட்வேரும் திறக்கவில்லை. இலவசமாகக் கொடுத்த டொமைனும் அவர்கள் கணக்கில், அவர்கள் பெயரில் பதிவாகியிருந்தது. டொமைனை வேறு இடத்துக்கு மாற்ற ஒரு அனுமதிக் குறியீடு வேண்டும், பதிவு யார் கணக்கில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் அது கிடைக்கும். கேட்டேன், கட்டணம் கேட்டார்கள். கொடுக்க மனம் வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்தேன். நிறுவனத்திடமிருந்து இதுவரை பதில் இல்லை. 38 பக்கத்தையும் என் மனைவி படத்தைப் பார்த்துப் பார்த்து மறுபடி டைப் அடித்தாள். 21,700 ரூபாய் போனதைவிட அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெரிய கம்பெனி என்றால் இப்படி ஆகாது என்று நினைக்க வேண்டாம். வெப்சைட் செய்ய ஆப்பிள் கொடுத்த ஐவெப் 2006இல் வந்தது. அதில் செய்த பல தளங்கள் தங்கியிருந்த ஆப்பிளின் மொபைல்மீ சேவை 2012 ஜூன் 30இல் மூடப்பட்டது. டிசைனர்களுக்காகவே வந்த அடோபி மியூஸை 2018 மார்ச்சில் நிறுத்துவதாக அறிவித்தார்கள், 2020 மார்ச்சில் உதவியும் முடிந்தது. ஆனால் மியூஸிலிருந்து தளத்தை ஹெச்டிஎம்எல் ஃபைல்களாக, அதாவது எந்த பிரவுசரும் திறக்கும் வலைப்பக்க ஃபைல்களாக வெளியே எடுக்க முடிந்தது. எடுத்து வைத்தவர்கள் அதை எந்த சர்வரில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். சாஃப்ட்வேர் என்றைக்கும் நிற்கலாம், செய்த வேலை நம்மோடு வெளியே வருமா என்பதுதான் கேள்வி. நான் அதைத்தான் கேட்கவில்லை.

ஆகவே எந்த ஆப்பையும் வாங்கும் முன் அதன் டிரயலில் ஒரே ஒரு பக்கம் செய்யுங்கள், தமிழிலேயே. அதை ஹெச்டிஎம்எல் ஆக ஒரு ஃபோல்டருக்கு எக்ஸ்போர்ட் செய்து, மேக்கில் நெட்டை நிறுத்திவிட்டு சஃபாரியில் திறந்து பாருங்கள். எக்ஸ்போர்ட் பட்டன் மங்கலாக இருந்தால், எந்தத் திட்டத்தில் கிடைக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிரவுசரிலேயே தளம் செய்ய வெப்ஃப்ளோ, விக்ஸ் போன்ற சேவைகளும் உண்டு. வெப்ஃப்ளோவில் கோடை வெளியே எடுப்பது கட்டணத் திட்டத்தில்தான். விக்ஸ் தளம் அவர்கள் சர்வரில் மட்டுமே இயங்கும், அதை அவர்களே உதவிப் பக்கத்தில் வெளிப்படையாகச் சொல்கிறார்கள். தெரிந்து எடுத்தால் தவறில்லை.

அடுத்து, அதே பக்கத்தை யாருடைய ஆண்ட்ராய்டு போனிலாவது திறந்து, ஒரு தமிழ் வரியை அழுத்திப் பிடித்து காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். எழுத்தாக ஒட்டினால் சரி. நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், ஹிந்த் மதுரை, முக்தா மலர் எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். இவற்றில் ஒன்றை வெப் ஃபான்ட்டாக (பக்கத்தோடு சேர்ந்தே போனுக்கு வரும் ஃபான்ட்) சேர்க்க அந்த ஆப் விடுகிறதா என்று பாருங்கள். விடாவிட்டால் தமிழ்த் தளத்துக்கு அது ஆகாது என்பேன்.

இன்னொன்று, ஆப்பை ஃபைண்டரில் தேர்ந்தெடுத்து கெட் இன்ஃபோ பாருங்கள். கைண்ட் என்ற இடத்தில் இன்டெல் என்று மட்டும் இருந்தால் அது பழைய இன்டெல் சிப் மேக்குகளுக்காகச் செய்தது. ஆப்பிள் சிப் உள்ள புது மேக்குகளில் அது ரோசெட்டா என்ற மொழிபெயர்ப்பு மென்பொருள் வழியாகத்தான் ஓடும். மேக்கின் இயங்குதளமான மேக் ஓஎஸ் 27க்குப் பிறகு ரோசெட்டாவைப் பெரும்பாலும் எடுத்துவிடப் போவதாக ஆப்பிள் 2025இல் அறிவித்துவிட்டது. அப்படிப்பட்ட ஆப்புக்கு வாழ்நாள் உரிமம் வாங்காதீர்கள்.

டொமைனை மட்டும் இலவசமாக வாங்கவே வாங்காதீர்கள். ஒரு டாட் காம் வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும். உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் கணக்கு திறந்து, சாஃப்ட்வேர் கம்பெனியோடு சம்பந்தமில்லாத இடத்தில் தனியாக வாங்குங்கள்.

நான் இப்போது மேக்கில் ஓடும் வேறொரு ஆப்பில் செய்கிறேன். ஸ்பார்க்கிள், பிளாக்ஸ், ரேபிட்வீவர் மூன்றுமே தளத்தை நம் சொந்த ஹோஸ்டிங்கில் ஏற்ற விடுகின்றன. மூன்றின் டிரயலையும் மேலே சொன்னபடி சோதித்துவிட்டுத்தான் ஒன்றை எடுத்தேன்.

பழைய டொமைன் காலாவதியாகி இப்போது யாரோ விளம்பரப் பக்கம் வைத்திருக்கிறார்கள். 2023இலும் 2024இலும் நாங்கள் அடித்த ஒவ்வொரு பத்திரிகையின் அடியிலும் அச்சகத்தின் பெயரோடு அந்த முகவரிதான் இருக்கிறது. போன வாரம் சுவாமிமலையிலிருந்து ஒரு அம்மா அப்படி ஒரு பத்திரிகையோடு வந்தார். மூத்த மகளுக்கு அடித்தது, இளையவளுக்கும் அதே மாதிரி வேண்டுமாம். "இதுல போட்டுருக்கிற வெப்சைட்டைப் பார்த்தோம் தம்பி, என்னென்னமோ விளம்பரம் வருது. நீங்க கடையை மூடிட்டீங்கன்னு நெனைச்சு வேற இடத்துல விசாரிச்சுட்டோம்" என்றார்.