யூபிகீ 5 என்எஃப்சி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கடவுச்சொல்லானாலும் ஓடிபி ஆனாலும் நாம் கண்ணால் படித்துக் கையால் தட்டச்சு செய்பவை என்பதால், சாமர்த்தியமாகப் பேசுகிறவர் எவரும் அவற்றை நம்மிடமிருந்து கறந்துவிடலாம். இணையக் கணக்குகளில் உள்நுழைய உதவும் யூபிகீ 5 என்எஃப்சி என்ற பாதுகாப்புச் சாவியிலோ, வாய்தவறிச் சொல்லிவிட எதுவுமே இல்லை.

வீட்டுச் சாவிக்கொத்தில் கோத்துக்கொள்ளக்கூடிய மெல்லிய கறுப்புத் தகடு, பேட்டரி கிடையாது. கணினியின் யுஎஸ்பி துளையில் செருகி, உள்நுழையும்போது நடுவில் விளக்கு மினுங்கியதும் விரலால் தொட வேண்டும். கைப்பேசியில் பின்புறம் ஒட்டிப் பிடித்தால் போதும், என்எஃப்சி என்ற கம்பியில்லாத் தொடர்பில் இயங்கும். அந்தத் தொடுதலைப் பலரும் கைரேகைச் சோதனை என்று நினைக்கிறார்கள். உண்மையில், சாவியின் அருகே ஓர் ஆள் இருக்கிறார் என்பதை மட்டுமே அது உறுதிசெய்கிறது.

ஒரு தளத்தில் பதிவுசெய்யும்போது அத்தளத்தின் முகவரிக்கென்றே ஒரு ரகசியம் உருவாகிறது. அது சாவியை விட்டு வெளியே வருவதில்லை. எந்த முகவரியில் நிற்கிறோம் என்பதை உலாவியே சாவிக்குச் சொல்வதால், ஒரே ஓர் எழுத்து மாறிய போலி முகவரி நம் கண்ணை ஏமாற்றினாலும் சாவியை ஏமாற்ற முடியாது. 2017 தொடக்கத்திலிருந்து இத்தகைய சாவிகளைக் கட்டாயமாக்கிய கூகுள் நிறுவனம், 85,000-க்கும் மேற்பட்ட தன் ஊழியர்களில் ஒருவரது பணிக்கணக்கும் அதன்பின் போலிப் பக்கங்களால் பறிபோனதாக உறுதியாகவில்லை என்று 2018-இல் தெரிவித்தது.

ஆனால் சாவியை வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நான் நினைத்தது தவறு. ஒருநாள் தூக்கக் கலக்கத்தில், கணக்கு முடங்கப்போவதாக வந்த மின்னஞ்சலின் இணைப்பைத் திறந்து, போலிப் பக்கமொன்றில் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் சாவியைக் கேட்கவே இல்லை. "குறுஞ்செய்தியில் வந்த ஆறு இலக்க எண்ணை இடவும்" என்றது. சாவியைச் சேர்த்தபோது பழைய குறுஞ்செய்தி வழியை நான் நீக்காமல் விட்டிருந்தேன்; முன்கதவுக்கு இரும்புப் பூட்டும் கொல்லைக் கதவுக்கு வெறும் கொண்டியும் போட்டதுபோல. நான்காவது இலக்கத்தில் கை நின்றது என் அதிர்ஷ்டம். அன்றே கடவுச்சொல்லை மாற்றி, குறுஞ்செய்தி வழியையும் நீக்கினேன்.

குறைகளும் உண்டு. சாவியின் உள்மென்பொருளைப் புதுப்பிக்கவே முடியாது. 5.7-க்கு முந்தைய பதிப்புகளில், சாவி பிறர் கையில் கிடைத்தால் அதைப் பிரதியெடுக்க வழிவிடும் குறையொன்று 2024-இல் வெளியானபோது, வேண்டுமென்றால் புதிதாக வாங்கலாம் என்பதைத் தவிர பழைய சாவிக்காரர்களுக்கு வேறு தீர்வில்லை. (அத்தாக்குதலுக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டும், சாமானியர் அஞ்ச வேண்டியதில்லை.) சாவிக்கு நாம் வைக்கும் ரகசிய எண்ணை (PIN) எட்டு முறை தவறாக இட்டால் அதன் உள்நுழைவுப் பகுதி பூட்டிக்கொள்ளும், அதை மீட்டமைத்தால் பதிவுகள் அழிந்துவிடும். ஆகவே இரண்டு சாவிகள் வாங்கி, ஒவ்வொரு தளத்திலும் இரண்டையும் பதிவுசெய்வது அவசியம், அலுப்பான வேலைதான்.

கணினியில் புகுந்த தீநிரல், ஏற்கெனவே உள்நுழைந்த அமர்வைத் திருடினால் இச்சாவி தடுக்காது. மோசடிக்காரரை நம்பி நாமே பணம் அனுப்பினாலும் தடுக்காது. முதன்மை மின்னஞ்சலையும் அலுவலகக் கணக்குகளையும் காக்க வேண்டியவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மற்றவர்கள், கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைப்பேசியிலேயே இலவசமாகக் கிடைக்கும் பாஸ்கீ என்ற உள்நுழைவுச் சாவியை முதலில் பயன்படுத்திப் பார்க்கலாம். அதுவும் இதே முகவரிச் சரிபார்ப்பின்படிதான் இயங்குகிறது.