ஜல்லித் தளம்: பல மழைக்காலம் வண்டி ஓட்டிய பிறகு

வீட்டுக்கு வண்டி வரும் பாதையையும் கார் நிறுத்தும் இடத்தையும் உடைகல் ஜல்லியிலேயே போட்டுப் பல மழைக்காலம் பார்த்துவிட்டேன். மேலே தார் கிடையாது, கான்கிரீட் கிடையாது. ஒரே ஒரு மூலையைத் தவிர எங்கும் சக்கரத் தடம் பதியவில்லை, தண்ணீர் தேங்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் என்ன ஜல்லி, எத்தனை இஞ்ச் என்றுதான் கேட்கிறார்கள். ஜல்லிக்கு அடியில் என்ன செய்தீர்கள் என்று ஒருவராவது கேட்க மாட்டாரா என்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது. தளத்தின் ஆயுள் மொத்தமும் அங்கேதான் முடிவாகிறது.

1816-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் சாலைகளுக்குப் பொறுப்பேற்ற ஜான் மெக்ஆடம் இதைத்தான் அடித்துச் சொன்னார். வண்டியின் பாரத்தை உண்மையில் சுமப்பது அடிமண். அது காய்ந்திருக்கும்வரை உட்காராது. மேலே போடும் உடைகல், தண்ணீரை மண்ணுக்குள் இறங்கவிடாமல் ஓரத்துக்குத் தள்ள வேண்டும். சக்கரத்தின் அழுத்தத்தைப் பரப்பி இறக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மற்ற முடிவுகளை எடுப்பது சுலபம்.

முதல் வேலை மேல்மண்ணை வழித்தெடுப்பது. வேரும் இலைமக்கும் கலந்த கறுப்பு மண் கொஞ்சம்கூட மிஞ்சக் கூடாது. அது மக்க மக்கத் தளம் இறங்கும். வெட்டிய குழியின் அடியையும் ரோலர் விட்டு இறுக்க வேண்டும். பிறகு லோடு ஏற்றிய டிப்பரை அதன்மேல் மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டச் சொல்லுங்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் மண் அலைபோல எழும்பி அடங்கினால் அந்த இடம் சொதசொதப்பு. அதைத் தோண்டி எடுத்துவிட்டு ஜல்லிக் கலவையால் நிரப்பி இறுக்குங்கள். இந்தச் சோதனைக்கு ஆகும் அரை மணி நேரத்தை யாரும் தர மாட்டேன் என்கிறார்கள்.

அடுத்தது ஜியோ டெக்ஸ்டைல் துணி, அதாவது ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே விரிக்கும், தண்ணீர் புகக்கூடிய செயற்கைத் துணி. இது வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் எனக்கு ஒரே நாளில் தீர்ந்துவிட்டது. தளம் போட்டுச் சில வருடம் கழித்துக் குழாய் பதிக்க அதைக் குறுக்கே வெட்ட வேண்டியிருந்தது. வெட்டிய பள்ளம், எங்களுக்கு முன்பே அங்கிருந்த பழைய தளத்தின் ஒரு பட்டை வழியாகவும் போனது. அந்தப் பட்டையில் ஜல்லியை நேரே களிமண்மேல் கொட்டியிருந்தார்கள். மண்வெட்டியில் வந்த ஒவ்வொரு கல்லிலும் சாம்பல் நிறச் சேறு அப்பியிருந்தது. ஜல்லி எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியவில்லை. துணி விரித்து நாங்கள் போட்ட பகுதியில் கடைசி அடுக்குக் கல்லும் உடைத்த முகம் தெரிகிற மாதிரி இருந்தது. துணியைத் தூக்கியதும் அடியில் களிமண் வழவழவென்று, துணியின் நெசவு அச்சாகப் பதிந்து கிடந்தது.

ஈரக் களிமண்ணைச் சக்கரம் அழுத்தும்போதெல்லாம் சேறு கற்களின் இடுக்கு வழியே மேலேறும், கற்கள் கீழிறங்கும். தளம் மெலிந்துகொண்டே போகும். துணி இந்தக் கலப்பைத் தடுத்து, தண்ணீரை மட்டும் விடுகிறது. பிளாஸ்டிக் ஷீட் இதற்கு மாற்றாகாது, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் ஒன்றரை அடியாவது மேல்மடிப்பு விடுங்கள். துணி போட்டால் புல் முளைக்காது என்று சொல்வார்கள், நம்ப வேண்டாம். காற்றில் வரும் விதை மேலே படியும் தூசியிலேயே முளைத்துவிடும்.

கல் விஷயத்தில் உருண்டைக் கூழாங்கல்லைத் தொடவே தொடாதீர்கள். எவ்வளவு இறுக்கினாலும் சக்கரத்துக்கு அடியில் உருளும். கிரஷரில் உடைத்த கோணக்கல் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். அதுவும் ஒரே அளவு ஜல்லியாக இருந்தால் போதாது. பெரிது, சிறிது, கல் உடைக்கும்போது விழும் பொடியான கிரஷர் டஸ்ட் எல்லாம் கலந்திருக்க வேண்டும். கீழே 40 எம்.எம். வரை உள்ள கலவை, மேலே 20 எம்.எம். வரை உள்ள கலவை என்று வைத்தோம். டஸ்ட் குறைந்தால் மேற்பரப்பு பிடிக்காது, கூடினால் மழையில் சேறு. டிப்பர் கொட்டும்போது பெரிய கல் குவியலின் அடிக்கு உருண்டுவிடும். தண்ணீர் தெளித்து மறுபடி புரட்டிக் கலந்த பிறகே பரப்ப வேண்டும்.

கார் மட்டும் வரும் இடத்துக்கு, கெட்டி மண்ணாக இருந்தால், இறுகிய பிறகு 15 செ.மீ. கனம் போதும். களிமண்ணுக்கு 25 முதல் 30. இறுக்கும்போது கனம் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறையும், அதைக் கணக்கிட்டு வாங்குங்கள். மொத்தக் கனத்தையும் ஒரே தடவை கொட்டி மேலே ரோலர் ஓட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். மேல்தோல் மட்டும் இறுகி, உள்ளே பொலபொலவென்றே இருக்கும். பிளேட் கம்பாக்டர் (அதிரும் தட்டால் இறுக்கும் சிறு மெஷின்) என்றால் 10 செ.மீ.க்கு மேல் ஒரு அடுக்கு வேண்டாம். ஈரமும் முக்கியம். ஒரு கைப்பிடி கலவையைப் பிசைந்தால் உருண்டை பிடிக்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வடியக் கூடாது. இறுகியதும் மெஷினின் சத்தமே மாறிவிடும், தட்டு துள்ளத் தொடங்கும். செருப்புக் குதிகாலை அழுத்தித் திருகினாலும் தடம் விழாது.

வாட்டம் நூற்றுக்கு இரண்டு. அதாவது ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு, வீட்டைவிட்டு விலகி. இதற்கும் குறைந்தால் ஜல்லித் தளத்தில் தண்ணீர் ஓடாது. ஓரத்தில் வண்டி ஏறும் அகலத்தைவிட ஒரு அடி கூடுதலாக அடித்தளம் இருக்கட்டும். நுனியில் பிடிப்பில்லாத தளம் அங்கிருந்துதான் சரியும்.

முதலில் சொன்ன அந்த மூலைக்கு வருகிறேன். அது கார் நிறுத்தும் இடத்தின் கடைசி, நின்ற நிலையில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பும் இடம். ஓடும் சக்கரத்தைவிட நின்று திரும்பும் சக்கரம்தான் கல்லைப் பெயர்க்கிறது. போதாததற்கு லோடு லாரி ரிவர்ஸ் எடுத்ததும் அங்கேதான். சாலைப் பொறியியலில் நாலாம் படி விதி என்று ஒன்று உண்டு, பாரத்தை நாலு முறை பெருக்கிப் பார்ப்பது. சக்கர அச்சு ஒன்றின்மேல் விழும் பாரம் இரண்டு மடங்கானால் தேய்மானம் ஏறக்குறைய 16 மடங்கு. ஒரு டன் அச்சுள்ள காருக்கும் பத்து டன் அச்சுள்ள லாரிக்கும் வித்தியாசம் சுமார் பத்தாயிரம் மடங்கு. ஆகவே, வருடத்துக்கு ஒரு லாரிதானே வரப்போகிறது என்று கனத்தைக் குறைக்காதீர்கள். அந்த மூலையில் இப்போது தேன்கூட்டு வடிவ பிளாஸ்டிக் கட்டங்களைப் பதித்து ஜல்லி நிரப்பியிருக்கிறோம். கல் அசையவில்லை.

குறைகளும் உண்டு. கோடையில் தூசி பறக்கும். டயர் இடுக்கில் மாட்டிய கல் தெருவரை போகும், அதனால் வாசலையொட்டிச் சில மீட்டர் மட்டும் கெட்டித் தளமாகப் போடுவது நல்லது. செங்குத்துச் சரிவில் இந்தத் தளத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், மழை கல்லை உருட்டிக்கொண்டு போய்விடும். சக்கர நாற்காலி தள்ளுவது மிகச் சிரமம். அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் அவர் போகும் வழிக்காவது கல்பலகை பதித்துவிடுங்கள்.

பராமரிப்பு அதிகமில்லை. மழைவிட்டு ஈரம் காய்வதற்குள் மேற்பரப்பை இழுத்து மட்டம் செய்து ஒருமுறை இறுக்கினால் போதும். குழி விழுந்தால் ஒரு கூடை ஜல்லியைக் கொட்டி மூடுவது வீண், முதல் வாரத்திலேயே தெறித்துப் போகும். குழியைச் செங்குத்தாகச் சதுரமாக வெட்டி, அடி ஈரமாயிருந்தால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அதை அடைத்துவிட்டு, அதே கலவையை நனைத்து அடுக்கடுக்காகத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்குங்கள். இதற்காகவே வேலை முடியும்போது மிஞ்சும் கலவையில் ஒரு குவியலை ஓரமாக மூடி வைத்துக்கொள்ளுங்கள்.