ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் நானும்: பன்னிரண்டு வருடக் கணக்கு

பழைய கார் ஏதாவது பார்க்கப் போனால் இப்போதெல்லாம் நான் பானட்டைத் திறக்கச் சொல்வதே இல்லை. நேராகப் பின்னால் போய், டிக்கிக்குக் கீழே மல்லாந்து படுத்து, ஸ்க்ரூடிரைவரால் சேஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, தட்டிப் பார்ப்பேன். 'டங்' என்று கேட்டால் எழுந்து விலை பேசுவேன். 'பொதக்' என்று உள்ளே போனால், கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். 2013-ல் எனக்கு இந்தப் புத்தி இல்லை.

நெல்லிக்குப்பத்தில் ஒரு வீட்டுக் கொல்லையில் நின்றது அந்த வண்டி. 1966-ஆம் வருட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இரண்டு கதவு. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் இந்தப் பக்கமாகக் கரை ஏறியபோது ஷெட்டின் ஆஸ்பெஸ்டாஸ் பறந்துவிட்டதாம். அதிலிருந்து வண்டிக்குக் கூரை ஒரு தார்ப்பாய்தான். எழுபதாயிரம் கொடுத்து, லாரியில் ஏற்றிக் கடலூர் ஓ.டி.க்கு (ஓல்ட் டவுன்) கொண்டுவந்தேன். வாசலில் இறக்கியதைப் பார்த்த என் மாமியார், "காயலாங்கடைக்குப் போற வழியில இங்க நிறுத்தியிருக்கீங்களா மாப்ளே?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார், கிண்டல் இல்லை.

வண்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: இங்கிலாந்தில் 1959-ல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டின் சென்னைப் பிறப்பு இது. உருவம் வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. எஞ்சின் 948 சிசி. இதே ஹெரால்டின் சேஸை நீளம் குறைத்துத்தான் ட்ரையம்ஃப் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. அதனால் என் வண்டியை 'கூரை போட்ட ஸ்பிட்ஃபயர்' என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்வேன். பெருமைக்காக மட்டும் இல்லை. இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் ஏராளம், அவர்களுக்காக முன் சக்கரப் பாகங்களை இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். சுங்கவரி கட்டி வரவழைத்தால் அதில் பெரும்பாலானவை நம் ஹெரால்டில் உட்காரும். இங்கே சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் அலைந்தால் கதவுக் கைப்பிடியோ ஹெட்லைட் வளையமோ கிடைக்கலாம். நான் போன நாலு தடவையில் ஒரு தடவை கிடைத்தது.

முதல் தவறு பாடி வேலையில். பாண்டிச்சேரியில் ஒரு பட்டறையில் விட்டேன். ஐந்து மாதம் கழித்து, வெண்ணெய் மாதிரி பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். ஒரு மழைக்காலம் தாண்டியதும் கதவுக்குக் கீழே கொப்புளம் கிளம்பியது. விரலால் அழுத்தினால் பட்டி பப்படம் போல உடைந்து விழுந்தது. உள்ளே தகடே இல்லை, பழைய துருவின் மேலேயே பட்டியை அப்பியிருக்கிறார்கள். சண்டை போட்டுப் பார்த்தேன். "கடல்காத்து சார், நாங்க என்ன பண்றது" என்றார்கள்.

கடல்காற்று என்பது உண்மைதான். அதைத் தெரிந்தவர்களிடம் போயிருக்க வேண்டும். ஓ.டி.யில் துறைமுகத்தை ஒட்டிப் படகு வேலை செய்கிற வெல்டிங் மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். கார் வேலை செய்ததில்லை என்றுதான் முதலில் தயங்கினார். ஹெரால்டின் பாடி ஒரே கூடு கிடையாது, தனி சேஸின் மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டியது. அந்தக் காலத்தில் ட்ரையம்ஃபுக்கு பாடி அடித்துக் கொடுத்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டதால், முழுக் கூடாக அடித்துத் தர ஆள் கிடைக்காமல் இப்படிச் செய்தார்கள். அவர்களுக்கு வந்த நெருக்கடி எனக்கு வரமாகிவிட்டது. நாங்கள் ஆறு பேர் சேர்ந்து பாடியைத் தூக்கி ஓரமாக வைத்தோம். சேஸைப் பார்த்ததும் மேஸ்திரிக்குத் தயக்கம் போய்விட்டது. "இது படகோட ஏரா மாதிரிதானே" என்றார். ஏரா என்றால் படகின் அடிக்கட்டை. பின்பக்கம் டிக்கியைத் தாங்கும் கைகள் இரண்டையும் வெட்டி எறிந்துவிட்டு, புதுத் தகட்டில் மடித்து வெல்டு வைத்தார். மேலே படகுக்கு அடிக்கிற எபாக்ஸி பிரைமர். பத்து வருடம் ஆகப் போகிறது, அவர் கை வைத்த இடத்தில் இன்றுவரை ஒரு பொட்டுத் துரு இல்லை. அவர் கை வைக்காத கதவின் அடியில்தான் மறுபடியும் வந்திருக்கிறது.

எஞ்சினைப் பற்றிச் சொல்லப் பெரிதாக இல்லை. எளிமையான எஞ்சின். ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வது), புது வால்வு, ஈயம் கலக்காத பெட்ரோலுக்குத் தக்கபடி கடினமான வால்வு சீட். எல்லாம் ஒரே லேத்தில் முடிந்தது. பானட் மட்கார்டோடு சேர்ந்து முழுசாக முன்பக்கம் கவிழ்ந்துவிடும் என்பதால், டயர் மேல் உட்கார்ந்துகொண்டு பாயிண்ட் செட் பண்ணலாம். இந்தச் சுகத்தை எந்தப் புது காரும் எனக்குக் கொடுத்ததில்லை.

2016 பொங்கலுக்கு வண்டி ரோட்டுக்கு வந்தது. மறு வருடம் ஆளைக் கொல்லப் பார்த்தது.

தவளக்குப்பம் தாண்டி ஒரு கடையோரம் நிறுத்தத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். முன்பக்க இடது சக்கரம் மடிந்து மட்கார்டுக்குள் சாய்ந்துவிட்டது. நடந்து போகும் வேகத்தில் இருந்ததால் தப்பித்தேன். அறுபதில் வந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடிப்பகுதியில் மரை இருக்கும். அது ஒரு பித்தளைக் கட்டைக்குள் திருகி நிற்கும், ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் திரும்பும். ட்ரன்னியன் என்று பெயர். என் மெக்கானிக் பாய் அதைப் 'பித்தளைக் கட்டை' என்றே சொல்வார். அதற்குள் போக வேண்டியது தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில். மற்ற வண்டிகளைப் போல நினைத்து நான் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். கிரீஸ் கட்டிதட்டி வழியை அடைத்துவிட்டது, அடியில் தண்ணீர் தேங்கி மரை அரித்து, தண்டு முறிந்தது.

பாய் உடைந்த தண்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "முக்கால்வாசி பழைய முறிவு தம்பி. இந்தக் கால்வாசியிலதான் இவ்வளவு நாள் ஓட்டியிருக்கே." அவர் சொன்ன பிறகுதான் கை நடுங்கியது. இரண்டு பக்கமும் புதுத் தண்டு, புதுக் கட்டை வரவழைத்தோம். ஒரு பக்கம் வலது மரை, மறு பக்கம் இடது மரை, மாற்றி மாட்ட முடியாது. அன்றிலிருந்து ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை, மழையில் நனைந்தால் மறுநாளே, ஆயில் கன்னால் அடிக்கிறேன். கட்டைக்கு மேலே புது ஆயில் கசிந்து வழிகிற வரை.

ஓட்ட எப்படி இருக்கும்? பாண்டிச்சேரித் தெருக்களுக்கென்றே செய்த வண்டி மாதிரி. இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். ரோமன் ரோலண்ட் தெருவில் ஆட்டோக்காரர் ரிவர்ஸ் எடுக்கிற இடத்தில் நான் ஒரே வீச்சில் திரும்பி வருவேன், அவர் முறைப்பார். ஸ்டியரிங் இலகு, சாலை நேராகக் கைக்கு வரும். ஆனால் வளைவில் வேகமாக நுழைந்துவிட்டு பயந்து ஆக்ஸிலேட்டரை விட்டால், பின் சக்கரம் உள்ளுக்கு மடங்கி வால் வீசும். பின் ஆக்ஸிலின் அமைப்பே அப்படி. நேர்ரோட்டில் அறுபது வரை சந்தோஷம், எண்பதில் பிரார்த்தனை. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், ஒரே லைன். முன்னால் போகிற பஸ்ஸுக்கும் எனக்கும் நடுவே இன்னொரு பஸ் நிற்கும் அளவுக்கு இடம் விடுவேன். அந்த இடத்தில் மூன்று பைக் வந்து நுழையும். மைலேஜ் பதின்மூன்று. ஏசி கிடையாது. மழை பெய்தால் கால் வைக்கும் இடத்தில் குளம்.

இரண்டாவது பெரிய செலவு ஓட்டாமல் வந்தது. 2020-ல் ஊரடங்கில் கவர் போட்டு நிறுத்தினேன், பத்திரமாக வைத்திருப்பதாக நினைப்பு. பதினான்கு மாதம் கழித்து எடுத்தால் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டியிருந்தது, நாலு வீல் சிலிண்டரும் இறுகியிருந்தன, பெட்ரோல் பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தில் கஷாயம் மாதிரி ஏதோ நின்றது. பிரேக் ஆயிலும் எத்தனால் கலந்த பெட்ரோலும் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? நாற்பத்தி இரண்டாயிரம் ஆனது. முந்தைய நாலு வருடம் தினமும் ஆபீசுக்கு ஓட்டியபோது மொத்தமாக அவ்வளவு ஆகவில்லை. இப்போது 20 சதவீத எத்தனால் வந்துவிட்டதால் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் எல்லாம் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிட்டேன். வாரம் இருமுறையாவது எடுக்கிறேன். வீட்டில் கறிவேப்பிலை தீர்ந்தால்கூட ஹெரால்டுதான் போகும்.

2024 ஃபெஞ்சல் புயலில் பாண்டிச்சேரியில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தது. என் தெருவில் முழங்கால் அளவு. வண்டியை முன்கூட்டியே பக்கத்துக் கல்யாண மண்டபத்து மேடான வாசலில் ஏற்றியிருந்தேன். எதிர் வீட்டுப் புதுக் காரின் எலக்ட்ரானிக்ஸ் போய் மூன்று வாரம் சர்வீசில் கிடந்தது. மேட்டில் நின்ற என் வண்டி மழையில் நனைந்ததோடு சரி. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடைத்து மாட்டினேன், இரண்டாவது செல்ஃபில் எடுத்தது. கர்வம் வேண்டாம் என்று அன்றே ஆயிலும் அடித்துவிட்டேன்.

காகித வேலை: ஐம்பது வயது தாண்டிய வண்டியை 2021 விதிப்படி விண்டேஜ் என்று பதியலாம். ஆனால் அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்டக் கூடாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல், ரிப்பேர் என்று போய் வரலாம், அவ்வளவுதான். ஓட்டினால்தான் உயிரோடு இருக்கும் வண்டிக்கு அது சரிப்படாது என்று, சாதாரணப் பதிவையே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்கிறேன். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600-லிருந்து 5000 ஆனது. வலிக்கத்தான் செய்தது.

வாங்கிய விலையும் சேர்த்து இதுவரை நாலே முக்கால் லட்சம். விற்றால் அதில் பாதி வந்தால் அதிகம். என் மாமியார் இப்போது கோயிலுக்குப் போக இதைத்தான் கேட்கிறார், "அந்தப் பெரிய வண்டியில ஏறினா வாந்தி வருது" என்கிறார்.

போன மாதம் நெல்லிக்குப்பம் பக்கம் இன்னொரு ஹெரால்டு நிற்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். புளிய மரத்தடி, நாலு டயரும் தரையோடு. வழக்கம்போலக் கீழே படுத்துத் தட்டினேன். 'டங்.' எழுந்து விலை கேட்டேன். அந்தப் பெரியவர், "அப்பா வண்டிங்க, விக்கறதா இல்ல" என்றார். வண்டியிலிருந்து ஆயில் கன்னை எடுத்துவந்து, அவரிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு பக்கக் கட்டைக்கும் அடித்தேன். வலது பக்கம் உடனே வழிந்தது. இடது பக்கம் இன்னும் இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடியும் வரட்டுமா என்று கேட்டிருக்கிறேன்.