பழைய பில்களை ஆர்க்கைவ் செய்து தருகிறோம் என்று வந்தால் கவனம்

யாழ்ப்பாணத்தில் கடை நடத்துகிற ஆக்களுக்காக இதை எழுதுகிறேன். பில் போடும் சொஃப்ட்வெயர் மெதுவாகிவிட்டது, தரவு எல்லாம் சேரும் டேட்டாபேஸ் நிரம்பிவிட்டது, பழையதை ஆர்க்கைவ் செய்தால், அதாவது வேறாக எடுத்துச் சேமித்து வைத்தால், சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், காசு கொடுக்க முன் இதை ஒருமுறை வாசியுங்கள்.

எங்களுடையது புடவைக்கடை. திருநெல்வேலியில் தொடங்கி, பிறகு சுன்னாகத்திலும் சாவகச்சேரியிலும் கிளை போட்டோம். ஒரே சட்டைக்கு நிறத்துக்கு ஒன்று, அளவுக்கு ஒன்று என்று தனித்தனி பார்கோட். தரவு பெருகாமல் என்ன செய்யும்? போன வருடம் நல்லூர்க் கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது பில் அடிபடாமல் நின்றது. ‘பிரைமரி ஃபைல்குரூப் இஸ் ஃபுல்’, அதாவது டேட்டாபேஸில் இனி இடமில்லை, என்று திரையில் வந்தது.

அது உண்மையான பிரச்சினைதான், மறுக்கவில்லை. இங்கே பல கடைகளில் ஓடுவது எஸ்கியூஎல் சேர்வர் எக்ஸ்பிரஸ் என்ற மைக்ரோசொஃப்டின் இலவச டேட்டாபேஸ் சொஃப்ட்வெயர். அதில் 2008 ஆர்2 முதல் 2022 வரையான பதிப்புகளில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் வளராது. 2025 பதிப்பில்தான் அதை 50 ஜிபி ஆக்கினார்கள். இந்த எல்லையைப் பற்றி விற்கும்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சொஃப்ட்வெயர் விற்ற நிறுவனத்தைக் கூப்பிட்டோம். மாதாமாதம் பராமரிப்புக் காசு வாங்குகிறவர்கள். வந்த தம்பி, “அண்ணை, 2023 டிசம்பர் வரைக்கும் உள்ளதை ஆர்க்கைவ் பண்ணி வேறயா வைச்சுத் தாறம். தேவையெண்டா எப்பவும் திறந்து பாக்கலாம்” என்றார். அதற்குத் தனிக் கட்டணம். கொடுத்தோம். ஒரு பென்டிரைவைத் தந்துவிட்டுப் போனார். பில் வேகமாக வந்தது, திருவிழா வியாபாரமும் தப்பியது.

தீபாவளிக்கு முன் ஓர் அம்மா கடன் கட்ட வந்தா. மகளின் கலியாணத்துக்கு 2023இல் உடுப்பு எடுத்தவ. கணினியில் அவவின் கணக்கு பூச்சியம் என்று காட்டியது. அவவே கைப்பையில் இருந்து மடித்து வைத்த பில்லை எடுத்து, “இல்லைத் தம்பி, இன்னும் தரவேணும்” என்று மீதிக் காசை எண்ணித் தந்தா. சொல்லாமல் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று அறிய எங்களிடம் இப்போது வழியில்லை. இருப்பும் குழம்பிக் கிடந்தது. வாங்கியதில் விற்றதைக் கழித்துத்தான் அந்த சொஃப்ட்வெயர் இருப்பைக் காட்டும். பழைய கொள்வனவுகள் போனதும், அலுமாரியில் கண்ணெதிரே இருக்கும் சேலை கணினியில் மைனஸில் நின்றது.

கொக்குவிலில் டேட்டாபேஸ் வேலை தெரிந்த பிள்ளை ஒருவரிடம் பென்டிரைவைக் கொண்டுபோனோம். பார்த்தவுடனேயே அவ கேட்டா: “இது 8 ஜிபி பென்டிரைவ். உங்கட டேட்டாபேஸ் 10 ஜிபி. முழுசும் இதுக்குள்ள எப்பிடி வரும்?” எக்ஸ்பிரஸில் பேக்கப்பைச் சுருக்கி எடுக்கும் வசதி இல்லையாம். உள்ளே இருந்த ஃபைல் 3 ஜிபிகூட இல்லை. தன் மடிக்கணினியில் அதை ரெஸ்டோர் செய்து, அதாவது பேக்கப்பிலிருந்து டேட்டாபேஸைத் திரும்ப எடுத்து, காட்டினா. இருந்ததிலேயே பழைய பில் 2024 ஜனவரி. அதாவது, முதலில் அழித்திருக்கிறார்கள். மிச்சத்தை பேக்கப் எடுத்து, அதையே ஆர்க்கைவ் என்று தந்திருக்கிறார்கள்.

சரி, தினசரி பேக்கப்? அதற்கும் சேர்த்துத்தானே மாதக் காசு. குறித்த நேரத்தில் தானாக வேலைகளைச் செய்யும் எஸ்கியூஎல் ஏஜென்ட் எக்ஸ்பிரஸில் கிடையாது என்பதால் விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலரில் நேரம் குறித்துத்தான் அதை ஓடவிட வேண்டும். எங்கள் கணினியில் அந்த டாஸ்க் நெடுநாளாகத் தோல்வியிலேயே நின்றிருக்கிறது. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

சுன்னாகக் கிளை திறந்தபோது, 2022 தொடக்கத்தில், அங்கே பிரதி பண்ணி வைத்த ஒரு டேட்டாபேஸ் கிடைத்தது. அதுவரை உள்ளவை மீண்டன. அதற்குப் பிறகு 2023 முடியும்வரை உள்ளவை போனவைதான். வற் பதிவுள்ள கடை 5 வருடத்துக்குப் பதிவுகளை வைத்திருக்க வேண்டும், இறைவரித் திணைக்களம் கேட்டால் காட்ட வேண்டும். இதில் எனக்கு ஆறாத கோபம் எதுவென்றால், அந்தப் பழைய பிரதியில் பாதிக்கு மேல் இடத்தைப் பிடித்திருந்தவை பில்களே அல்ல. யார் எந்தத் திரையைத் திறந்தார் என்று சொஃப்ட்வெயர் தானாக எழுதி வைக்கும் லொக். அதை மட்டும் துப்புரவாக்கியிருந்தாலே போதும்.

நிறுவனம் சொன்ன பதில், “நீங்கள் கேட்டுத்தானே அழித்தோம்.” டேட்டாபேஸின் முழு அதிகாரமும் உள்ள ‘எஸ்ஏ’ கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டபோது அது தங்கள் தொழில் இரகசியம் என்றார்கள். சொஃப்ட்வெயர் அவர்களுடையதாக இருக்கட்டும். கடன் கணக்கும் பில்லும் எங்களுடையவை. எழுத்தில் அனுப்பியதற்கு இன்னும் பதில் இல்லை.

ஆர்க்கைவ் செய்வதென்றால் முதலில் முழு பேக்கப் எடுத்து, வேறொரு கணினியில் ரெஸ்டோர் செய்து பார்க்க வேண்டும். பிறகு பழைய வருடங்களைத் தனி டேட்டாபேஸுக்குப் பிரதி செய்து, மாதவாரியாக, கிளைவாரியாக பில் எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் இரண்டு பக்கமும் ஒத்துப் போகிறதா என்று பார்க்க வேண்டும். கடன் நிலுவையையும் இருப்பையும் ஆரம்ப மீதியாகக் கொண்டுவர வேண்டும். அழிப்பது அதற்குப் பிறகுதான், அதுவும் கடை பூட்டிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. கடவுச்சொல் உங்கள் கையிலும் இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். நீங்கள் சொல்லும் ஒரு பழைய பில்லை அந்த ஆர்க்கைவிலிருந்து உங்கள் முன்னாலேயே எடுத்துக் காட்டும்வரை காசு கொடுக்க வேண்டாம்.