கொரோனா வைரஸ் செல்லுக்குள் நுழையும் இடத்தைப் பார்க்க பிடிபி தளம்: ஒரு மதிப்பீடு

வௌவாலிடம் இருக்கும் கொரோனா வைரஸ் இன்னொரு உயிரினத்தின் செல்லில் எப்படிப் பற்றிக்கொள்கிறது என்பதை அம்புக்குறி போட்ட படங்களில் பார்த்துச் சலித்தவர்களுக்கு ஆர்சிஎஸ்பி புரதத் தரவு வங்கி (சுருக்கமாக பிடிபி) சரியான இடம். 1971-ல் வெறும் 7 புரதங்களின் முப்பரிமாண அமைப்புகளோடு தொடங்கிய வங்கி இது. இப்போது 2 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. கணக்குத் திறக்க வேண்டாம், காசு கட்ட வேண்டாம், தரவை யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம். முப்பரிமாணத்தில் திருப்பிப் பார்க்க ‘மோல்ஸ்டார்’ என்ற கருவி உலாவிக்குள்ளேயே திறக்கும்.

வைரஸின் கூர்ப்புரதம் (அதன் மேலே முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் புரதம்) செல்லின் ஏற்பியில் (வைரஸ் பற்றிக்கொள்ளும் செல்லின் புரதம்) எந்த அணுவால் எந்த அணுவைத் தொடுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல இலவச சேவை கிடையாது. ‘இந்த வைரஸ் அந்த விலங்குக்குத் தாவுமா?’ என்ற கேள்வியோடு வருபவருக்கு இங்கே பாதி பதில்கூட இல்லை. அது தளத்தின் குற்றமில்லை, ஆனால் தளம் அதை எங்கும் சொல்வதும் இல்லை.

தொடங்க வேண்டிய பதிவு 6எம்0ஜே. நடுவில் வருவது பூஜ்யம். ஓ என்ற ஆங்கில எழுத்தைத் தட்டினால் பதிவு வராது. இது 2020-ல் வெளியான படிக அமைப்பு, அதாவது புரதத்தைப் படிகமாக்கி எடுத்த அணு வரைபடம்: கோவிட் வைரஸின் கூர்ப்புரதத்தில் ஏற்பியைப் பற்றும் துண்டும், மனித ஏசிஇ2 ஏற்பியும் ஒட்டிக்கொண்டிருக்கும் நிலை. தெளிவு 2.45 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு; எண் குறையக் குறையத் தெளிவு கூடும்). அமினோ அமிலங்களின் பக்கச்சங்கிலிகள் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று நம்பிச் சொல்ல இது போதும். ஹைட்ரஜன் அணுக்கள் தெரியாது.

முப்பரிமாணப் பக்கத்தைத் திறந்ததும் இரண்டு நிறத்தில் நாடா உருவங்கள் வரும். பெரியது ஏசிஇ2, கோப்பில் அதன் பெயர் சங்கிலி ஏ. அதன் உச்சியில் நீளமாகக் கிடக்கும் சுருளின் மேல், குழித்த உள்ளங்கையைக் கவிழ்த்தது மாதிரி உட்கார்ந்திருப்பது வைரஸின் துண்டு, சங்கிலி இ. இடது பொத்தானைப் பிடித்து இழுத்தால் சுழலும், வலது பொத்தானில் நகரும், சக்கரத்தில் அருகே வரும். முதலில் செய்ய வேண்டியது, நாடாவை விட்டுவிட்டு வலப்பக்கப் பலகையில் மேற்பரப்பு உருவத்தைச் சேர்ப்பது. நாடாவாகப் பார்க்கும்போது இரண்டுக்கும் நடுவே காலி இடம் இருப்பதுபோலத் தோன்றும், அது பொய். மேற்பரப்பைப் போட்டதும் மேடும் பள்ளமும் பொருந்தி உட்கார்ந்திருப்பது தெரியும். 4 ஆங்ஸ்ட்ராமுக்குள் வைரஸ் பக்கம் 17 அமினோ அமிலங்கள், ஏசிஇ2 பக்கம் 20. விஷயம் எல்லாம் அந்தச் சின்ன இடத்தில்தான்.

அந்த இருபதில் ஒன்றை மட்டும் அருகே போய்ப் பார்த்தால் போதும், தாவல் என்ற சொல்லின் பாதி அர்த்தம் பிடிபடும். மேலே இருக்கும் வரிசைப் பட்டையில் சங்கிலி ஏ-வைத் தேர்ந்தெடுத்து 353-ஆம் இடத்தில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தைத் தேடுங்கள். இங்கேதான் புதியவர்கள் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். மோல்ஸ்டார் ஒரே அமினோ அமிலத்துக்கு இரண்டு எண் காட்டும்: 335 என்றும், பக்கத்தில் அடைப்புக்குள் 353 என்றும். படிகமாக்கிய துண்டு ஏசிஇ2-வின் 19-ஆம் இடத்தில் தொடங்குகிறது. கோப்பு அதை 1 என்று எண்ணுகிறது. ஆய்வுக்கட்டுரைகளில் வரும் எண் அடைப்புக்குள் இருப்பதுதான். சங்கிலிப் பெயரிலும் இதே கூத்து: வைரஸ் துண்டின் பெயர் சில இடங்களில் பி, அடைப்புக்குள் இ. எண்ணைப் பார்க்காமல் 335 என்று குறித்துக்கொண்டு போனால் பிறகு எந்தக் கட்டுரையோடும் ஒத்துவராது.

லைசினைச் சொடுக்கினால் காட்சி அங்கே குவிந்து, சுற்றியுள்ளவை குச்சி உருவத்தில் வரும்; பிணைப்புகள் புள்ளிக்கோடுகளாகத் தெரியும். லைசினின் நீண்ட பக்கச்சங்கிலி முனையில் நேர்மின்னேற்றம் உண்டு. அந்த முனையை ஏசிஇ2-வின் 38-ஆம் இடத்து ஆஸ்பார்டிக் அமிலம் தன் எதிர்மின்னேற்றத்தால் அணைத்து வைத்திருக்கிறது. லைசினின் முதுகெலும்பில் (புரதச் சங்கிலியின் நடுத்தண்டில்) இருக்கும் ஆக்சிஜனோ வைரஸின் 502-ஆம் இடத்து கிளைசினைத் தொடுகிறது. தூரத்தை நீங்களே அளக்கலாம்: தேர்வு முறையை இயக்கி, தேர்வின் அளவை ‘அணு’ என்று மாற்றி, இரண்டு அணுக்களைக் குறித்து, அளவைப் பகுதியில் தூரத்தைக் கேட்டால் 3 ஆங்ஸ்ட்ராமை ஒட்டி வரும். அளவை ‘அணு’வாக மாற்ற மறந்தால் அது அமினோ அமிலத்தின் நடுவிலிருந்து அளந்து சம்பந்தமில்லாத எண்ணைத் தரும்.

அடுத்து உலாவியில் இன்னொரு பக்கத்தில், புரதங்களின் அமினோ அமில வரிசைகளை வைத்திருக்கும் யூனிப்ராட் தளத்தைத் திறந்து மனித ஏசிஇ2-வையும் எலியின் ஏசிஇ2-வையும் வரிசைப்படுத்திப் பாருங்கள். 805 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். பெரும்பகுதி ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் 353-ல் எலிக்கு லைசின் இல்லை, ஹிஸ்டிடின். நீண்ட சங்கிலிக்குப் பதில் குட்டையான வளையம். 31-ஆம் இடமும் எலியில் வேறு. தொடக்ககால கோவிட் வைரஸ் சாதாரண ஆய்வக எலியைத் தொற்றாமல், மனித ஏசிஇ2 மரபணு ஏற்றிய எலிகளைத் தேட வேண்டி வந்ததற்கு முக்கியக் காரணம் இந்த மாதிரி இடங்கள். அந்தச் சுவர் நிரந்தரமும் இல்லை: பின்னால் வந்த சில திரிபுகள் எலியின் ஏசிஇ2-விலும் ஒட்டின. பூட்டும் சாவியும் என்று சொல்லிச் சொல்லி நாம் இதை இரும்புச் சாமானாக நினைத்துவிட்டோம். உண்மையில் சாவி தேய்ந்துகொண்டே இருக்கிறது, பூட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. லாட வௌவால்களில் ஒரே இனத்துக்குள்ளேயே ஏசிஇ2 பல வடிவங்களில் இருக்கிறது. ஆகவே ‘வௌவாலின் ஏசிஇ2’ என்று ஒரே ஒரு வரிசையை எடுத்து ஒப்பிட்டு முடிவு சொல்பவரைக் கொஞ்சம் சந்தேகத்தோடே கேளுங்கள்.

இதே தளம் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் கணித்த மாதிரிகளையும் தேடலில் காட்டுகிறது. படிகம் எடுக்கப்படாத விலங்கின் ஏசிஇ2 வேண்டுமென்றால் உதவும். ஆனால் அது தனிச் சங்கிலி. வைரஸோடு ஒட்டிய நிலை அல்ல. அதன் நிறங்கள் (ஆழ்நீலம் என்றால் உறுதி அதிகம், ஆரஞ்சு என்றால் குறைவு) மடிப்பின் மேல் இருக்கும் நம்பிக்கையைச் சொல்பவை. ஒட்டுமா என்பதைச் சொல்பவை அல்ல. அந்த மாதிரியை 6எம்0ஜே-வின் மேல் ஏற்றி வைத்து ‘பொருந்துகிறது’ என்று படம் போடுவது அடிக்கடி கண்ணில் படும் பிழை. ஏசிஇ2-வின் மொத்த மடிப்பு எல்லாப் பாலூட்டிகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஏற்றினால் பொருந்தாமல் என்ன செய்யும்?

சர்க்கரைச் சங்கிலிகளையும் கவனிக்க வேண்டும். ஏசிஇ2-வின் மேல் நீலக் கட்டிகளாகத் தெரிபவை அவை. படிகத்தில் அடிக்கட்டை மட்டும்தான் தெரிகிறது, மீதி அசைந்துகொண்டே இருப்பதால் பதிவாகவில்லை. 90-ஆம் இடத்தில் உள்ள சர்க்கரை வைரஸ் ஒட்டுவதைக் கொஞ்சம் தடுக்கிறது; சில உயிரினங்களில் அந்த இடத்தில் சர்க்கரை ஏறுவதே இல்லை. திரையில் இரண்டு கட்டியாகத் தெரிவது நிஜத்தில் ஒரு புதர்.

முழுக் கூர்ப்புரதத்துக்கு வருவோம். 6விஎக்ஸ்எக்ஸ் மூடிய நிலை, 6விஒய்பி ஒரு துண்டு மேலே எழும்பிய நிலை. மூன்று சங்கிலிகள் பின்னிய காளான் மாதிரியான உருவம். பற்றும் துண்டு படுத்திருக்கும்போது ஏற்பியைத் தொடும் முகம் மறைந்திருக்கும். எழும்பினால்தான் ஏசிஇ2-வைப் பிடிக்கும். இரண்டையும் ஒரே கோணத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

ஆனால் வைரஸ் நுழைவதற்காகக் கூர்ப்புரதத்தை நொதி வெட்டும் இடத்தைத் தேடிப் போனால் ஏமாற்றம். கோவிட் வைரஸின் கூர்ப்புரதத்தில் 685-ஆம் இடத்தை ஒட்டி ஃபியூரின் என்ற நொதி வெட்டும். அதுதான் எல்லோரும் பார்க்க விரும்பும் இடம், அங்கேதான் சங்கிலி அறுந்து கிடக்கிறது. அது வெட்டுக்காயம் இல்லை. அந்த வளையம் நிலையாக நிற்காததால் கருவியில் பதிவாகவில்லை, அவ்வளவுதான். மேலும், இந்தப் பதிவுகளில் இருப்பது இயற்கையான புரதமும் அல்ல: வெட்டுமிடத்தை மாற்றி, 986, 987-ஆம் இடங்களில் புரோலின் நுழைத்து, உருக்குலையாமல் இறுக்கி வைத்தது. பதிவின் முகப்புப் பக்கத்தில் ‘மாற்றங்கள்: ஆம்’ என்று ஒரு சின்ன வரி இருக்கும். அதைப் படிக்காமல் உள்ளே போகாதீர்கள். (அதே இரண்டு புரோலின்கள்தான் ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளிலும் இருக்கின்றன.)

ஒட்டுவது ஒரு படி, நுழைவது வேறொரு படி. ஒட்டிய பிறகு செல்லின் மேற்பரப்பில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 நொதியோ, வைரஸ் உள்ளே இழுக்கப்பட்டிருந்தால் அங்கே கேதெப்சின் எல் நொதியோ இரண்டாவது வெட்டு போட வேண்டும். அதன் பிறகு மேல்பாதி கழன்று, கீழ்ப்பாதி வில்போல விடுபட்டு, செல்லின் சவ்வைக் குத்தி இழுத்து வைரஸின் சவ்வோடு சேர்க்கும். அந்தக் கடைசி நிலை 6எக்ஸ்ஆர்ஏ. காளான் இருந்த இடத்தில் நீண்ட ஈட்டி. இரண்டுமே ஒரே புரதம் என்று நம்பச் சிரமமாக இருக்கும். நடுவில் நடந்தது எதுவும் இங்கே இல்லை. முதல் படமும் கடைசிப் படமும் மட்டும் இருக்கும் ஃபிலிம் சுருள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாவல் பற்றிக் கேட்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது 4க்யூஇசட்வி. மூங்கில் வௌவால்களில் கண்ட எச்கேயு4 வைரஸின் துண்டு, மனித டிபிபி4 ஏற்பியோடு ஒட்டிய நிலை. மெர்ஸ் வைரஸ் பிடிப்பதும் இதே ஏற்பியைத்தான், அதற்கு 4எல்72. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஏற்பியின் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். படத்தை மட்டும் பார்த்தால் எச்கேயு4-ம் மனிதருக்குத் தயார் என்று தோன்றும். ஆனால் மனிதச் செல்லின் நொதிகள் அதன் கூர்ப்புரதத்தைச் சரியாக வெட்டுவதில்லை. அதனால் கதவில் கைவைத்தபடி வெளியே நிற்கிறது. இந்த வித்தியாசம் மோல்ஸ்டாரில் எங்கே சொடுக்கினாலும் தெரியாது. நொதி எந்தத் திசுவில் எவ்வளவு இருக்கிறது, உள்ளே போன வைரஸைச் செல்லின் எதிர்ப்பு எப்படி நடத்தும், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுமா என்பதெல்லாம் இந்த வங்கிக்கு வெளியே இருக்கும் சங்கதிகள்.

இரண்டு பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்ற, தளத்திலேயே இணை ஒப்பீட்டுக் கருவி உண்டு. 6எம்0ஜே-வையும், 2005-ல் வந்த முதல் சார்ஸ் வைரஸின் 2ஏஜேஎஃப்-ஐயும் கொடுத்துப் பாருங்கள். சங்கிலிப் பெயரைச் சரியாகக் கொடுக்காவிட்டால் வைரஸ் துண்டை விட்டு ஏசிஇ2-வோடு ஏசிஇ2-வை ஒப்பிட்டுவிட்டு அருமையாகப் பொருந்துகிறது என்று மகிழ்வீர்கள். பொருத்த எண் மிக நன்றாக வந்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள்.

சில்லறைக் குறைகளும் உண்டு. கைப்பேசியில் திறக்கும், ஆனால் சுட்டியை மேலே வைத்துப் பெயர் பார்க்கும் வசதி இல்லாததால் வேலை இழுக்கும்; கணினிதான் சரி. பொத்தான்கள் பெயரின்றி வெறும் சின்னங்களாக இருக்கின்றன, எது எதற்கு என்று பழக ஒரு மணி நேரம் போகும். ‘கொரோனா’ என்று பொதுவாகத் தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். பதிவு எண் தெரியாமல் நுழைவது வீண். தரச் சான்று அறிக்கை ஒவ்வொரு பதிவுக்கும் தனிக் கோப்பாக இருக்கிறது. முகப்பில் சிவப்பிலிருந்து நீலம் வரை போகும் பட்டைகளில் குறி நீலப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. ஆரம்பநிலை வாசகருக்கு இதே அமைப்பின் பிடிபி-101 பக்கத்தில் டேவிட் குட்செல் 2000-லிருந்து எழுதிய ‘மாதத்தின் மூலக்கூறு’ தொடர் இருக்கிறது. அதை முதலில் படித்துவிட்டு மோல்ஸ்டாருக்கு வந்தால் தலை சுற்றாது.

கடைசியாக ஒன்று: உலாவியை மூடினால் போட்ட மேற்பரப்பு, அளந்த தூரம், மாற்றிய நிறம் எல்லாம் போய்விடும். அமர்வைச் சேமித்து, மோல்எக்ஸ் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அந்தக் கோப்பை இழுத்துப் போட்டால் விட்ட கோணத்திலிருந்தே திறக்கும்.