மானின் வயது: கொம்பா, உடல்வாகா, பல்லா?

ஆண் மான் ஒன்று கண்ணில் பட்டால் முதல் பார்வை கொம்புக்குத்தான் போகும். கிளையை எண்ணி, "ஆறு கிளை இருக்கு, ஆறு வயசு" என்று சொல்லிவிடுவார்கள். ஆண்டுக்கு ஒரு கிளை முளைக்கும் என்ற நம்பிக்கை ஊருக்கு ஊர் உண்டு. மானின் வயதைக் கணிக்க இருக்கிற வழிகளில் ஆகக் கடைசியில் நம்ப வேண்டியது அதுதான்.

வழிகள் நான்கு: கொம்பு, உடல்வாகு, பல்லின் முளைப்பும் தேய்மானமும், பல் வேரில் படியும் வளையம். நான்கும் நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது வட அமெரிக்காவின் வெண்வால் மானில். அங்கே வேட்டை சட்டப்படி நடக்கிறது, ஒவ்வொரு பருவத்திலும் தாடைகள் குவிகின்றன. முதுமலையிலோ கிண்டியிலோ புள்ளிமானைப் பார்க்கிற நமக்கு அந்த அனுபவத்தில் எது உதவும், எது உதவாது என்பதுதான் கேள்வி.

ஒரு வித்தியாசத்தை முதலிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் வடபகுதியில் வெண்வால் குட்டிகள் பெரும்பாலும் மே கடைசியிலும் ஜூனிலும் பிறக்கின்றன. வேட்டை நவம்பரில். ஆக நவம்பரில் நிற்கும் எந்த மானுக்கும் வயது அரை, ஒன்றரை, இரண்டரை என்று அரையில்தான் முடியும். இடைப்பட்ட வயதே கிடையாது. நாள்காட்டியே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. புள்ளிமான் அப்படியில்லை. குட்டி அதிகம் விழும் மாதங்கள் இருந்தாலும், ஆண்டு முழுக்கக் குட்டி போடும். ஒரே கூட்டத்தில் பத்து மாதம், பதினான்கு மாதம், பத்தொன்பது மாதம் என்று படிப்படியாக நிற்கும். அமெரிக்க அட்டவணையை அப்படியே தூக்கி வந்து இங்கே வைத்தால் முதல் அடியிலேயே சறுக்குவது இதனால்தான்.

கொம்பு

கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து புதிதாக முளைப்பது. போன ஆண்டுக் கிளையின்மேல் இந்த ஆண்டுக் கிளை ஏறுவதில்லை. அந்தந்த ஆண்டு கிடைத்த தீனி, உடல்நிலை, பரம்பரை, வயது எல்லாம் சேர்ந்து அதன் அளவைத் தீர்மானிக்கின்றன. நல்ல தீனி கிடைத்த ஒன்றரை வயது வெண்வால் ஆண் எட்டு முனைக் கொம்போடு நிற்கும். பஞ்சத்தில் வளர்ந்த அதே வயது ஆணுக்கு வெறும் குச்சிதான். கொம்பு உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வயதில். அதன்பின் இறங்குமுகம். கிழட்டு ஆணின் கொம்பு, நடுவயது ஆணின் கொம்பைவிடச் சிறுத்திருப்பது சாதாரணம்.

புள்ளிமானில் கிளையை எண்ணுவதற்கு அர்த்தமே இல்லை. பக்கத்துக்கு மூன்று கிளை: புருவத்துக்கு மேல் முன்னோக்கி ஒன்று, தண்டின் மேல்முனையில் இரண்டாகப் பிரிவது. முதல் கொம்பு குச்சியாக வரும். அடுத்ததிலிருந்து மூன்று கிளை வந்துவிடுகிறது. அப்புறம் மூன்று வயதுக்கும் மூன்று, எட்டு வயதுக்கும் மூன்று. பார்க்க வேண்டியது தண்டின் அடிப்பருமனும் நீளமும், அது உட்கார்ந்திருக்கும் மண்டையோட்டு மேட்டின் தடிமனும்தான். மேடு வயதோடு பருத்துக்கொண்டே போகும்; கொம்பைப்போல ஆண்டுக்காண்டு உதிர்வதில்லை.

அடிக்கடி ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. புள்ளிமான் ஆண்கள் எல்லாம் ஒரே காலத்தில் கொம்பு உதிர்ப்பதில்லை. எந்த மாதம் போனாலும் கெட்டிக் கொம்போடு சில, வெல்வெட் எனப்படும் மென்ரோமத் தோல் போர்த்திய வளரும் கொம்போடு சில நிற்கும். போன மாதம் கொம்பை உதிர்த்த முழு ஆணுக்கு இப்போது காதளவுகூட வராத வெல்வெட் முளை இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அது முதல் கொம்பு முளைக்கும் இளசு போலவே தெரியும். கிட்டப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: இளசின் முளை பென்சில்போல ஒல்லி, நுனி கூர்மை, முழு ஆணின் முளை கட்டைவிரலைவிடத் தடித்து, நுனி மொழுக்கென்று உருண்டிருக்கும். கழுத்தும் முகமும் மீதியைச் சொல்லிவிடும்.

உடல்வாகு

உயிரோடு நிற்கும் மானுக்கு இதுதான் முதல் தேர்வு. பக்கவாட்டில் நிற்க வேண்டும், தலை நிமிர்ந்திருக்க வேண்டும், தரை சமமாக இருக்க வேண்டும். கொம்பைக் கையால் மறைத்துக்கொண்டு உடலை மட்டும் பாருங்கள். அமெரிக்காவில் படத்தை வைத்துப் பழகுபவர்கள் செய்வது இதைத்தான். கொம்பு கண்ணில் இருக்கும்வரை மூளை அதற்கேற்ற வயதைத்தான் தேடும்.

வெண்வால் ஆணில் ஒன்றரை வயது என்றால் கால் நீளம், உடல் ஒல்லி, கழுத்து மெலிசு. கொம்பை மறைத்தால் பெண் மான் என்றே தோன்றும். இரண்டரையில் தோள் கொஞ்சம் திரளும். இடுப்பு இன்னும் ஒட்டியிருக்கும், கால் இன்னும் உடலுக்கு நீளமாகவே படும். மூன்றரையில் நெஞ்சு ஆழமாகி, இடுப்பு மெலிந்தே இருப்பதால், வேட்டைக்காரர்கள் அதைப் பந்தயக் குதிரை என்பார்கள். இணைசேரும் பருவத்தில் கழுத்து பருக்கும், ஆனால் கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்பது தெளிவாகத் தெரியும். நாலரையில் அந்த எல்லை மங்கி, வயிற்றுக்கோடு இறங்கி நெஞ்சுக்கோட்டோடு ஏறக்குறைய சமமாகும். ஐந்தரைக்கு மேல் கழுத்து நேராக நெஞ்சில் போய்க் கலக்கும், வயிறு தொங்கும், முதுகு லேசாகக் குழியும், கால் குட்டையாகத் தெரியும். காலின் நீளம் மாறுவதில்லை. நெஞ்சும் வயிறும் கீழே இறங்குவதால் வரும் தோற்றம் அது. இன்னும் மூப்பானால் தாடைக்கடியில் தோல் தளரும், கண் இடுங்கும், இடுப்பெலும்பு துருத்தும், கழுத்துச் சதை வற்றும்.

இந்த அடையாளங்கள் செல்லுபடியாவது இணைசேரும் பருவத்துக்குச் சற்று முன்பும் அந்தப் பருவத்திலும்தான். ஆகஸ்டில் கழுத்து பருத்திருக்காது. ஐந்தரை வயதும் மூன்றரைபோல நிற்கும். பருவம் முடிந்தபின் நிலைமை இன்னும் மோசம்: தீனியை மறந்து பெண்களின் பின்னால் அலைந்த ஆண் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை இழந்துவிடும். டிசம்பர் கடைசியில் அதைப் பார்ப்பவர் ஓராண்டு, இரண்டாண்டு குறைத்தே சொல்வார்.

பெண் மானில் கழுத்து பருப்பதில்லை என்பதால் இந்த வழி சீக்கிரமே கையை விரித்துவிடும். குட்டியா, வளர்ந்ததா என்று பிரிக்க முகத்தையும் உடலின் வடிவத்தையும் பார்க்கலாம். குட்டியின் மூஞ்சி குட்டை, உடல் பக்கவாட்டில் சதுரம். வளர்ந்த பெண்ணுக்கு மூஞ்சி நீளம், உடல் நீள்சதுரம். தனியாக நிற்கும் குட்டியைத்தான் தவறாகப் பெரிய மான் என்று எண்ணுவார்கள். பக்கத்தில் ஒப்பிட இன்னொரு மான் இல்லாதபோது அளவு பிடிபடாது.

புள்ளிமானுக்கு வருவோம். வெண்வால் மானைப்போல இதற்குப் புள்ளி மறைவதில்லை, ஆகவே புள்ளியை வைத்துக் குட்டியைப் பிரிக்க முடியாது. குட்டிக்குத் தாயையே அளவுகோலாக வைத்துக்கொள்வதுதான் நடைமுறை: குட்டியின் முதுகு தாயின் வயிற்றுக்கோட்டை எட்டவில்லையா, தாண்டிவிட்டதா, தாயின் முதுகை நெருங்குகிறதா. ஆணில் கழுத்துப் பருமனோடு நிறமும் கைகொடுக்கும். வயதாக ஆகக் கழுத்தும் தோளும் கருத்து, நெற்றியிலும் மூக்கின்மேலும் ஓடும் கரும்பட்டை அழுத்தமாகும். ஆனால் இணைசேரும் மும்முரத்தில் இருக்கும் நடுவயது ஆணும் கருமையாகவே தெரியும் என்பதால், நிறத்தை மட்டும் நம்பி "கிழடு" என்று எழுதிவிடக் கூடாது. தனித்தனி ஆணுக்குத் தனித்தனிப் பருவம் என்பதால், வெண்வாலுக்குச் சொன்ன "நவம்பரில் பார்" என்ற சௌகரியமும் இங்கே இல்லை. கெட்டிக் கொம்போடு இருக்கும் ஆண்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். வெல்வெட்டில் இருப்பதைக் கெட்டிக் கொம்போடு இருப்பதன் பக்கத்தில் வைத்து எடைபோடாதீர்கள்.

படத்தை வைத்துக் கணிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தானியங்கிக் கேமராவுக்கு மிக அருகில் வந்த மானின் எந்தப் பாகம் லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அது ஊதிப்போய்த் தெரியும். நேர் எதிரே நின்ற படத்தில் வயிற்றுக்கோடே தெரியாது. தண்ணீர் குடித்து வயிறு புடைத்த மானுக்கு ஒரு வயது கூடிவிடும். ஒரே மானின் மூன்று நான்கு பக்கவாட்டுப் படங்களாவது வேண்டும். புள்ளிமானில் இது நடக்கக்கூடியதுதான்; விலாப் புள்ளிகளின் அமைப்பு மானுக்கு மான் வேறுபடும், அதை வைத்து ஆளை அடையாளம் காணலாம். குட்டியாக இருந்தபோதே படம் எடுத்து வைத்து, அதே புள்ளி அமைப்பை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால், கணிப்பே தேவையில்லாத உண்மையான வயது கையில் இருக்கும். கிண்டி தேசியப் பூங்கா போன்ற 2.7 சதுர கிலோமீட்டர் இடத்துக்கு இது ஒத்துவரும். முதுமலையின் பரப்புக்குப் பெரும்பாடு.

பல்

சந்தையில் மாட்டைப் பிடித்து வாயைத் திறந்து "ரெண்டு பல்லு", "நாலு பல்லு", "கடை சேர்ந்தது" என்று வயது சொல்வார்கள். மாட்டுக்கு அது சரி. முன்பற்கள் ஜோடி ஜோடியாக இரண்டு வயதிலிருந்து நாலைந்து வயதுவரை நிதானமாக மாறுகின்றன. வெண்வால் மானுக்கு நடு ஜோடி ஐந்தாறு மாதத்திலேயே மாறிவிடும். ஓராண்டுக்குள் முன்பல் அத்தனையும் நிலைப்பல். முன்பல்லைப் பார்த்து அதற்குமேல் எதுவும் சொல்ல முடியாது. ஆகவே மானுக்குக் கடைவாய்க்குப் போக வேண்டியிருக்கிறது, அதாவது செத்த மானுக்கு.

கீழ்த்தாடையில் ஒரு பக்கத்துக்கு ஆறு: முன்கடைவாய்ப் பல் மூன்று, பின்கடைவாய்ப் பல் மூன்று. ஆறும் முளைக்காமல் நாலோ ஐந்தோ இருந்தால் அரை வயதுக் குட்டி. ஆறும் இருந்தால் முன்னிருந்து மூன்றாவதைப் பாருங்கள். முழு விஷயமும் அந்த ஒரு பல்லில்தான். பால்பல்லாக இருந்தால் அதற்கு மூன்று முகடு. நிலைப்பல்லுக்கு இரண்டே முகடு. மூன்று முகட்டோடு நன்றாகத் தேய்ந்தோ, ஆட்டம் கண்டோ, அல்லது அடியிலிருந்து வெள்ளைவெளேரென்ற இரண்டு முகட்டுப் பல் எட்டிப் பார்த்துக்கொண்டோ இருந்தால் ஒன்றரை வயது. பக்கத்துப் பற்களில் தீனிக்கறை ஏறியிருக்க, இது மட்டும் கறையில்லாமல் பளிச்சென்று நின்றாலும் ஒன்றரைதான், இப்போதுதான் மாறியிருக்கிறது. இதில் பிசகு வருவது அபூர்வம்.

இரண்டரையிலிருந்து தேய்மானக் கணக்கு. நியூயார்க் மாநிலத்து மான்களை வைத்து செவரிங்ஹாஸ் என்ற ஆய்வாளர் 1949ல் வெளியிட்ட அட்டவணையைத்தான் இன்றும் பின்பற்றுகிறார்கள். நாக்குப் பக்கத்து முகட்டில், பல்லின் கெட்டி மேலோடான வெள்ளை எனாமலுக்கு நடுவே, தேயத் தேய வெளியே தெரியும் உள்பகுதியான பழுப்பு டென்டின் கோடு எவ்வளவு அகலம்? முதல் பின்கடைவாயில் டென்டின் எனாமலைவிடக் குறுகலாக இருந்தால் இரண்டரை. எனாமலை மிஞ்சினால் மூன்றரை. இரண்டாவது பின்கடைவாயிலும் மிஞ்சினால் நாலரை. மூன்றாவதிலும் என்றால் ஐந்தரை.

படிக்க அழகாகத்தான் இருக்கிறது. தேய்வது பல், தேய்ப்பது வயது மட்டுமில்லை, மண்ணும்தான். மணல் நிலத்து மான் புல்லோடு மணலையும் சேர்த்து அரைக்கிறது. அதன் நாலரை வயதுத் தாடை களிமண் நிலத்து ஆறரைபோல இருக்கும். எனாமலின் தடிமன் மானுக்கு மான் மாறும். சில தாடைகளில் இடது ஒரு வயது, வலது ஒரு வயது சொல்லும். வயது தெரிந்த மான்களின் தாடைகளை அனுபவசாலிகளிடம் கொடுத்துச் சோதித்த ஆய்வொன்று 2002ல் அமெரிக்காவில் வெளியானது. குட்டியையும் ஒன்றரையையும் நன்றாகப் பிரித்தவர்கள் அதற்குமேல் அடிக்கடி தவறினார்கள். குட்டி, ஒன்றரை, வளர்ந்தது என்ற மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது அந்த ஆய்வின் பரிந்துரை. அதற்கு மேலும் பல்லைப் பார்த்து "ஆறரை" என்று அடித்துச் சொல்பவரிடம், எந்த ஊர் மண்ணில் வளர்ந்த, வயது தெரிந்த எத்தனை தாடைகளோடு ஒப்பிட்டீர்கள் என்று கேட்பது நியாயமே.

பல் வேரின் வளையம்

நடு முன்பல்லை வேர் முழுசாக வரும்படி எடுத்து, அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணச்சத்தை நீக்கி, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வேரைப் போர்த்தி ஆண்டாண்டாகப் படியும், சிமென்ட் எனப்படும் படலத்தைப் பார்க்கிறார்கள். வளர்ச்சி தேங்கும் குளிர்காலத்துக்கு ஒரு கருங்கோடு. எண்ணினால் வயது. வடக்கத்திக் குளிரில் வாழும் மானுக்கு நாலில் இதுதான் துல்லியம். வேர்நுனி உடைந்தால் எண்ண வேண்டிய இடமே போய்விடும், ஆகவே ஈறை இருபுறமும் கீறித் தளர்த்திய பிறகே பிடுங்க வேண்டும். தாடையை வேகவைக்கக் கூடாது. பல்லைப் பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். காகித உறைதான் சரி.

குளிர் குறையக் குறைய இந்தக் கோடு மங்குகிறது. அமெரிக்காவின் தென்பகுதியிலேயே படிப்பது சிரமமாகிவிடுகிறது. வெப்பமண்டலத்தில் கோடு கலங்கலாகவோ, ஒரே ஆண்டில் இரட்டையாகவோ விழலாம். செலவழித்து ஆய்வகத்துக்கு அனுப்பிப் பெற்ற எண் என்பதற்காகவே அதை உடல்வாகுக்கு மேலே வைக்க வேண்டியதில்லை.

முதுமலையில் ஒருவர் கணக்கெடுக்கப் போகிறார் என்றால்

இங்கே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. கீழே கிடக்கும் உதிர்ந்த கொம்பைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. தாடை கிடைப்பதென்றால் புலி, சிறுத்தை, செந்நாய் அடித்துத் தின்ற மிச்சத்திலிருந்து, அதுவும் வனத்துறை அனுமதியோடு. அந்தத் தாடைகளில் மூன்றாவது முன்கடைவாயைப் பார்த்துப் பால்பல்லா நிலைப்பல்லா என்று பிரிப்பது பயனுள்ள வேலை. குட்டிகள் அதிகம் அடிபடுகின்றனவா, வளர்ந்தவையா என்பது அதில் தெரியும். பல் மாறும் மாதக்கணக்கு மட்டும் வெண்வால் மானுடையதாக இருக்கக் கூடாது. தேய்மானத்தைப் பொறுத்தவரை லேசு, நடுத்தரம், கடுமை என்ற மூன்று தரம் போதும்.

நடந்து எண்ணுபவருக்கு உடல்வாகு ஒன்றே வழி. படிவத்தில் ஆண்டு எண்ணிக்கைக்கு இடமே வைக்காதீர்கள்; குட்டி, ஓராண்டைக் கடந்த இளசு, வளர்ந்த பெண், வளர்ந்த ஆண் என்ற நான்கு கட்டம் போடுங்கள். ஆண் என்றால் கொம்பு குச்சியா, வெல்வெட்டா, கெட்டியா என்று பக்கத்தில் தனியாகக் குறியுங்கள். வயதுக் கட்டத்தோடு அதைக் கலக்காதீர்கள். ஐந்தாவதாக "தெரியவில்லை" என்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். புல்லுக்குள் பாதி மறைந்து நின்றதையும், முதுகைக் காட்டி ஓடியதையும் அதில் போடாமல் ஊகித்து நிரப்பினால், நூறு பெண்ணுக்கு எத்தனை குட்டி என்ற கணக்குதான் முதலில் கெடும். புல்லில் மறைவது பெரும்பாலும் குட்டி என்பதால், பிழை எப்போதும் ஒரே பக்கமாகவே சாயும்.