ஹார்ட் கேஸ் க்ரைம்: அட்டையை நம்பி வாங்கலாமா?

ஹார்ட் கேஸ் க்ரைம் பதிப்பகத்தின் புத்தகம் எதை எடுத்தாலும் பெரும்பாலும் அட்டையில் ஒரு பெண் இருப்பாள், உடை பாதிதான் இருக்கும், பக்கத்தில் துப்பாக்கியோ பணக்கட்டோ கிடக்கும். 1950களில் அமெரிக்காவில் 25 சென்ட்டுக்கு விற்ற, ‘கோல்டு மெடல்’ என்ற பதிப்பு வரிசையில் வந்த வகைக் குற்ற நாவல்களின் தோரணை இது. சார்ல்ஸ் ஆர்டாயும் மேக்ஸ் பிலிப்ஸும் 2004-ல் இந்தப் பதிப்பகத்தை ஆரம்பித்ததே அந்தத் தோரணையைத் திரும்பக் கொண்டுவரத்தான். அட்டைக்கு போட்டோ எடுத்து ஒட்டாமல் ஓவியர்களை வைத்து வரைய வைத்தார்கள். பழைய பாக்கெட் சைஸ் நாவல்களுக்கு வரைந்து பேர் வாங்கிய ராபர்ட் மெக்கின்னிஸே இவர்களுக்கும் வரைந்து கொடுத்திருக்கிறார். அந்த அட்டைகளுக்காகவே வாங்கி அடுக்கி வைப்பவர்கள் உண்டு, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

சரி, அட்டையில் இருக்கிற கில்மா உள்ளேயும் இருக்கிறதா? பல புத்தகங்களில் இல்லை. 2005-ல் வந்த ஸ்டீபன் கிங்கின் ‘தி கொலராடோ கிட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். மெய்ன் மாநிலத்துத் தீவு ஒன்றில் இரண்டு வயதான பத்திரிகைக்காரர்கள், பயிற்சிக்கு வந்த பெண்ணிடம் ஒரு பழைய மர்மச் சாவைப் பற்றிப் பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள், கடைசியில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. புத்தகம் அவ்வளவுதான். நிறைய பேர் கடுப்பானார்கள். எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் அட்டையைப் பார்த்து வாங்கிவிட்டு என்னைத் திட்டக்கூடாது.

நிஜமாகவே பலான உலகத்துக்குள் இறங்கும் நாவல் வேண்டுமென்றால் கிறிஸ்டா ஃபாஸ்ட் எழுதிய ‘மனி ஷாட்’. 2008-ல் வந்தது, இந்தப் பதிப்பகம் வெளியிட்ட முதல் பெண் எழுத்தாளர் இவர்தான். கதாநாயகி ஏஞ்சல் டேர் பழைய நீலப்பட நடிகை, நடிப்பை விட்டுவிட்டு லாஸ் ஏஞ்சல்ஸில் அதே தொழிலுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி நடத்துகிறாள். பழைய நண்பன் ஒருவன் ஒரே ஒரு படம் என்று கேட்டதால் போகிறாள். அங்கே அவளை அடித்து நொறுக்கி, சுட்டு, செத்துவிட்டாள் என்று நினைத்து கார் டிக்கியில் போட்டுவிடுகிறார்கள், கொலைப்பழி வேறு அவள் தலையில் விழுகிறது. அப்புறம் முழுக்கப் பழிவாங்கல்தான். இந்த மாதிரிக் கதையை ஒரு ஆண் எழுதியிருந்தால் ஏஞ்சலை ஒன்று பாவப்பட்ட ஜென்மமாகவோ இல்லையென்றால் வெறும் சதையாகவோதான் காட்டியிருப்பார் என்று எனக்குத் தோன்றும். ஃபாஸ்ட் நியூயார்க் நகரத்து டைம்ஸ் ஸ்கொயர் பகுதியில், காசு போட்டுத் தடுப்புக்குப் பின்னாலிருந்து பெண்களைப் பார்க்கும் பீப் ஷோக்களில் வேலை பார்த்தவர், அதனால் அந்தத் தொழிலை ஒரு தொழிலாகவே எழுதுகிறார்: யாருக்கு மவுசு, யாருக்கு வயதாகிவிட்டது, எவன் பணம் தராமல் ஏய்ப்பான் என்று. ஏஞ்சலுக்கு தன் கடந்த காலத்தைப் பற்றி வெட்கம் இல்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் பெண்களைக் கடத்தி விற்பவர்கள் என்பதில் நாவல் தெளிவாக இருக்கிறது. நடுவில் துரத்தல்கள் கொஞ்சம் ஒரே மாதிரி போகும், அது ஒன்றுதான் குறை. மர்ம, குற்றக் கதைகளுக்கு அமெரிக்காவில் தரும் எட்கர் விருதின் இறுதிப் பட்டியல் வரை போன புத்தகம்.

ஆர்டாய் ரிச்சர்ட் அலியாஸ் என்ற புனைபெயரில் எழுதிய ‘சாங்ஸ் ஆஃப் இன்னொசென்ஸ்’ (2007) வேறு ரகம். மசாஜ் என்ற பெயரில் வேறு வேலை நடக்கும் மன்ஹாட்டன் அறைகள், அங்கே வேலை பார்த்த ஒரு கல்லூரி மாணவியின் சாவு, அது தற்கொலை இல்லை என்று நம்பி அலையும் ஒரு முன்னாள் துப்பறிவாளன். அந்தச் சூழலில் கிளுகிளுப்பே இல்லை, அசிங்கமும் சோகமும்தான், முடிவு மூஞ்சியில் அறைந்த மாதிரி இருக்கும். இதற்கு முந்தைய ‘லிட்டில் கேர்ள் லாஸ்ட்’டை முதலில் படித்துவிடுவது நல்லது.

சிரிக்க வேண்டுமென்றால் கென் ப்ரூயனும் ஜேசன் ஸ்டாரும் சேர்ந்து எழுதிய ‘பஸ்ட்’. மனைவியைத் தீர்த்துக்கட்ட ஆள் பிடிக்கும் ஒரு நியூயார்க் முதலாளி, ஆபீஸிலேயே அவனுக்கு ஒரு கள்ளக்காதலி, ஒரு கிறுக்குக் கொலைகாரன், ஒருத்தர்கூட யோக்கியம் கிடையாது. நல்லவர் யாராவது வேண்டும் என்பவர்கள் பக்கத்திலேயே போக வேண்டாம்.

பழைய நாவல்களின் மறுபதிப்புகளும் இந்த வரிசையில் நிறைய உண்டு. அவற்றில் எனக்கு ஆர்வம் குறைவு, பெண்ணை அறைவதெல்லாம் ஹீரோயிசமாக வரும் இடங்களில் புத்தகத்தை மூடிவிடத் தோன்றுகிறது. இந்த வரிசை முழுவதும் 2011-லிருந்து டைட்டன் புக்ஸ் மூலமாக வருகிறது, அதற்கு முந்தைய பதிப்புகள் சட்டைப்பைக்குள் போகிற சின்ன சைஸ், பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் விடாதீர்கள். ஆங்கிலம் சின்னச் சின்ன வாக்கியங்களாக ஓடும், அமெரிக்கக் கொச்சைதான் அங்கங்கே தடுக்கும்.

ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் ‘மனி ஷாட்’, பிடித்திருந்தால் அதன் தொடர்ச்சியான ‘சோக் ஹோல்டு’. ரத்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும், கடையில் நின்றபடியே நாலு பக்கம் புரட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.